இடப்பக்கம் எவ்வளவு இடம்

2025 மார்ச் 4, செவ்வாய்

கரவன் சாமான் விற்கும் கடைக்குப் போய் வந்தேன், தனியாக. சாதாரண போன் வழிகாட்டிக்கு நாம் காருக்குப் பின்னால் கரவன் என்று ஒரு சக்கர வீட்டையே இழுப்பது தெரியாதாம். உயரம் குறைந்த பாலத்துக்குக் கீழே கொண்டுபோய் விடுமாம். உயரம், நீளம், பாரம் எல்லாம் பதியக்கூடிய கருவிகள் மூன்றைக் கடைக்காரர் காட்டினார். எதை எடுப்பதென்று தெரியவில்லை. விபரத்தாள்களுடன் திரும்பினேன்.

வீட்டில் இவர் அவற்றைப் பார்க்கவே இல்லை. "வாங்கி என்ன செய்யப் போறாய்? ஆர் ஓடுறது?"

"நான்தான்."

சிரித்தார். நவம்பரில் ஸ்ட்ரோக் வந்து இரண்டு கண்ணிலும் இடப்பக்கப் பார்வை போனபிறகு இவர் சிரித்தது இன்றுதான். அது நல்ல சிரிப்பில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஏணி வைத்துக் கரவனின் உயரத்தை அளந்தேன். வேலையில் ஓய்வு பெற்றதும் நாடு முழுக்கச் சுற்றுவோம் என்று இவர் ஆசைப்பட்டு வாங்கியது. இனிக் கார் ஓடக்கூடாதென்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து இவர் வீட்டை விட்டு வெளிக்கிடுவதில்லை. ஈஸ்டருக்கு லேக்ஸ் என்ட்ரன்ஸில் கரவன் நிறுத்த இடம் பதிந்திருக்கிறேன். கடலைப் பார்த்தால் மாறமாட்டாரா?

மார்ச் 12, புதன்

லிட்கமிலிருந்து மகள் ராகவி போன் எடுத்தாள். "அம்மா, போன்லயே வழி காட்டும்தானே. முதல் ஒருக்கா ஓடிப் பாருங்கோ, பிறகு வாங்கலாம்." அதுவும் சரிதான்.

மார்ச் 16, ஞாயிறு

கெஞ்சி இவரையும் ஏற்றிக்கொண்டு, காரில் கரவனைக் கொழுவிக்கொண்டு போனேன். டான்டெனோங் தாண்டி ஒரு ஒடுங்கிய தெருவுக்குள் போன் திருப்பிவிட்டது. முன்னால் ரயில் பாலம். 2.8 மீற்றர் என்று பலகை. எங்களுடையது மூன்று. பிரேக்கை அழுத்தினேன். பின்னால் கார்கள், ஹோர்ன் சத்தம். பின்னுக்கு எடுத்தால் கரவன் வேறு பக்கம் மடிகிறது. கண்ணாடியில் ஒன்றும் விளங்கவில்லை. பதற்றத்தில் கத்திவிட்டேன், "இடப்பக்கம் எவ்வளவு இடம் இருக்கெண்டு பாருங்கோப்பா!"

ஐயோ, ஏன் அப்பிடிக் கேட்டனான்? இவர் கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "எனக்குத் தெரியேல்லை."

லொறி ஓட்டி வந்த ஒருவர் இறங்கி, கார்த் திறப்பை வாங்கி, இரண்டு நிமிடத்தில் பின்னுக்கு எடுத்துத் தந்தார். வீடு வரும்வரை இவர் அழுதார். சத்தமில்லாமல்.

மார்ச் 17, திங்கள்

இண்டைக்கு இவர் கட்டிலை விட்டு எழும்பேல்லை. சாப்பிடவும் இல்லை.

மார்ச் 22, சனி

கருவி வாங்கினேன். கடையில் பார்த்த மூன்றில் திரை பெரியது. சாப்பாட்டு மேசையில் வைத்து அளவுகளைப் பதிந்தேன். இவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனி என்னட்டக் கேக்கத் தேவையில்லைத்தானே. அதிட்டக் கேள்."

போய்ப் படுத்துவிட்டார். பாலங்களுக்காகத்தானே வாங்கினேன்? அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது அதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

லேக்ஸ் என்ட்ரன்ஸை ரத்துச் செய்தேன். கரவன் விற்பனைக்கு என்று விளம்பரம் போட்டேன், கருவியும் சேர்த்து. இவரிடம் சொன்னபோது "ம்" என்றார். எனக்கு இனி ஏலாது. ஒன்றுக்கும் ஏலாது.

ஏப்ரல் 12, சனி

கிளென் வேவர்லியிலிருந்து கஜீவன் என்றொருவர் மனைவியுடன் வந்து கரவனை வாங்கினார். இதுவரை எதையும் இழுத்ததில்லையாம். நான் கருவியைக் காட்டிக்கொண்டிருக்க, கதவு திறந்த சத்தம். இவர். வீட்டில் கட்டிய சாரத்தோடு.

"தம்பி, அது வழிதான் சொல்லும். பின்னுக்கு எடுக்கத் தெரியுமோ?"

"இல்லை அங்கிள்."

"ஸ்டியரிங்கின்ர அடியில கையை வையும். கரவன்ர பின்பக்கம் எந்தப் பக்கம் போகவேணுமோ, அந்தப் பக்கம் கையைத் தள்ளும். அவ்வளவுதான். மெதுவா."

அரை மணித்தியாலம் கதைத்தார். ஐந்து மாதத்தில் இவ்வளவு கதைத்ததில்லை. நான் குசினிக்குள் போய் அடுப்படி ஜன்னலோரம் நின்று கேட்டேன். இதை எனக்கு ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை. வழியை ஒரு கடைக்காரரிடம் கேட்டேன், மகளிடம் கேட்டேன்.

கரவன் தெருமுனையில் திரும்பும்வரை இவர் வெளியே நின்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

விடிய எழும்பினால் கட்டிலில் ஆள் இல்லை. பயந்துபோய்த் தேடினேன். கரவன் நின்ற இடத்தில் ஒரு கதிரையைப் போட்டு, வெய்யிலில் இருந்தார்.

"தேத்தண்ணி கொண்டு வரட்டோ?"

"ஓம்."

இரண்டு கோப்பையில் ஊற்றினேன். இன்னொரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய், அவருக்கு வலப்பக்கமாகப் போட்டேன்.