இங்கே எண்ண மாட்டார்கள்

ஜூன் 3

இந்த வாரமும் இரண்டு பெண்கள் என் பாக்ஸிங் வகுப்பை விட்டு எதிரே இருக்கும் எம்எம்ஏ கூண்டுக்கு, குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை பழகப் போய்விட்டார்கள். யாரைச் சொல்லி என்ன? என் தங்கையே அங்கேதான் இருக்கிறாள். பதினைந்தாம் தேதி அவளுக்கு முதல் போட்டி. ரவுண்டுகளுக்கு நடுவே தண்ணீர் கொடுத்து யோசனை சொல்ல, கார்னரில் நீதான் நிற்க வேண்டும் என்றாள். கட்டிப் புரள்வதெல்லாம் ஒரு சண்டையா, பாக்ஸிங்குக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்றேன்.

"உனக்கு ரெண்டு கையை மட்டும் பார்த்தாப் போதும்க்கா. எனக்கு எங்கிருந்து என்ன வரும்னே தெரியாது. அதுதான் பிடிச்சிருக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்று பிகு பண்ணிக்கொண்டேன்.

ஜூன் 5

குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போனில் எம்எம்ஏ பார்த்தேன். கண்ணை எடுக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஜூன் 8

எழுதவே கை கூசுகிறது.

வாய் சும்மா இருந்ததா? தங்கையின் கூண்டுக்கே போய், எல்லார் முன்னாலும், ஒரு ரவுண்டு வா பார்க்கலாம் என்றேன். என்னை விட்டுப் போன மாணவிகளும் சுற்றி நின்றார்கள். முதலில் என் குத்துகள்தான் விழுந்தன. அப்புறம் தொடையில் ஓர் உதை. ஒரு முட்டி தரையில் பட்டது. நான் எழவில்லை — தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். பாக்ஸிங்கில் விழுந்தால் நடுவர் பத்து வரை எண்ணுவார், எதிராளி ஒதுங்கி நிற்பாள், மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இத்தனை வருஷப் பழக்கம். யாரோ சிரித்தார்கள்.

ஓங்கிய கையைத் தங்கை இறக்கிவிட்டாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அக்கா, இங்க எண்ண மாட்டாங்க. எந்திரி" என்றாள்.

எழுந்த வேகத்தில் அவள் தாடையில் குத்தினேன். கையை இறக்கி நின்றவளை. நான்தான் — மரியாதை பற்றி வாய் கிழியப் பேசினவள். சீ, என்ன ஜென்மம் நான்?

ஜூன் 9

அம்மா போன் பண்ணினாள். தங்கைக்குத் தாடை வீங்கியிருக்கிறதாம். கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாளாம். பார்த்து நடக்கும்படி நீயாவது அவளுக்குச் சொல்லு என்றாள். சரிம்மா என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 12

மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

"விடுக்கா. நான் கையை இறக்கியிருக்கக் கூடாது."

கார்னருக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்துவிட்டாளாம்.

ஜூன் 15

டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சண்டை தொடங்குமுன் எதிராளி சம்பிரதாயத்துக்குக் கிளவுஸைத் தொடக் கை நீட்டினாள். என் தங்கை தாடையை மூடிய கைகளை எடுக்கவே இல்லை. கூட்டம் ஊளையிட்டது. கடைசி மணி வரைக்கும் அந்தக் கைகள் இறங்கவில்லை. ஜெயித்தாள். அப்போதும் யாரும் சரியாகக் கை தட்டவில்லை.

பக்கத்து சீட்காரர், என்ன திமிர் பாருங்க என்றார்.

"திமிர் இல்லைங்க. கையை இறக்கினப்போ அவ அக்காவே அடிச்சுட்டா."

"கூடப் பிறந்தவளேவா? யாருங்க அந்த அக்கா?"

நான்தான் என்றேன். அவர் ஒரு சீட் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.