வெளுத்துப்போன பிளக்

அக்கா,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிக்கொள். உன் ஸ்கூட்டரை இன்று எடுக்கலாம்.

நேற்று வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டியது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கார்புரேட்டரில் நான் வைத்த அளவை யாரோ திருகி, பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டியிருக்கிறார்கள். இப்படியே ஓட்டினால் இன்ஜின் கொதித்து, நடுரோட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சக்கரம் அப்படியே நின்றுவிடும். பின்னால் பாப்பா உட்கார்ந்திருப்பாள்.

அத்தானிடம் சாவி எங்கே என்றுதான் கேட்டேன். "கார்புரேட்டரை நான் தொடவே இல்லப்பா" என்றார்.

"நைட் ஷிப்டை விட்டதுலேர்ந்து உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்" என்று நீ கத்தினாய். இருக்கட்டும். அளவைச் சரிசெய்துவிட்டேன். திருகாணியையும் அதை ஒட்டிய கார்புரேட்டரையும் சேர்த்து உன் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். கோடு விலகியிருந்தால் வண்டியைத் தொடாதே, பஸ்ஸில் போ.

பாலிஷ் புட்டி என் பையில். வீட்டில் இருந்தால் புதுக் கோடு முளைக்கும்.

அத்தான், நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். மைலேஜ் வேண்டுமானால் உங்கள் வண்டியில் திருகிப் பாருங்கள். அதில் நீங்கள் மட்டும்தான் போகிறீர்கள்.