அம்மா அனுப்பிய ஒரே எண்

வண்டலூர்

அன்புள்ள கிருபா அக்காவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை கெசியா எழுதுகிறேன். எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுவேன், அம்மா விடச் சொன்னாலும் விடமாட்டேன். ஆண்டவர் தயவில் நாங்கள் இருவரும் சுகம். நீயும் ஜாய்சன் அத்தானும் அங்கே கனடாவில், கால்கரிக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள் என்று அம்மா கேட்கிறார். நீ போனை எடுக்காமலே ஈஸ்டர் போய்விட்டது, அதனால்தான் கடிதம். உன் குரோமோசோம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீ அனுப்பியபோது அம்மா வேலையில் இருந்தார். அவர் வேலைதான் உனக்குத் தெரியுமே, அமெரிக்க ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். அந்த வேகத்தில் உனக்கும் கியூ 95.0 என்று மட்டும் பதில் அனுப்பிவிட்டார். நீ அதைத் தேடிப் பார்த்தாயாம், பிறவிக் குறைகள் என்ற தலைப்பில் இருந்ததாம், அம்மாவே என்னை அதில் சேர்த்துவிட்டார் என்று அழுதாயாம். அத்தான் சொன்னார்.

அக்கா, எண்ணுக்கு நேரே இருப்பதை முழுதாகப் படிக்க வேண்டும். இயல்பான நபர் என்றே இருக்கிறது. உடம்பில் குறையும் சேர்ந்து இருந்தால் வேறு எண், 95.2. "நான் அதப் போடலியேடி, நார்மல்னுதானே அனுப்பிச்சேன்" என்று அம்மா என்னிடம் சண்டைக்கு வருகிறார். அதைத் தமிழில் சொல்லியிருக்கலாமே என்றேன். "வாய மூடிக்கினு எழுது" என்றார். இதையும் எழுதிவிட்டேன். உன் குரோமோசோம்களில் இரண்டு, ஆளுக்கொரு துண்டை மாற்றி வைத்திருக்கின்றன, எதுவும் குறையவில்லை. பிள்ளைக்குப் போகும்போதுதான் சில சமயம் கூடிக் குறைந்து போகிறதாம். இரண்டு தடவையும் கரு நிற்காததற்கு நீ வேலைக்குப் போனது காரணமில்லை, யார் சொன்னாலும் நம்பாதே.

அடுத்ததைச் சொல்லுமுன் அம்மா எழுந்து பால்கனிக்குப் போய் வந்தார். அவரும் தாம்பரத்தில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார், அதே மாற்றம் அவருக்கும் இருக்கிறது. உனக்கும் எனக்கும் ஏன் இத்தனை வயது வித்தியாசம் என்று கேட்டால் வேலை என்பாரே, நடுவில் மூன்று கரு தங்கவில்லையாம். அப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாது, இப்போது அப்பாவும் இல்லை. "எங்கிட்டேர்ந்துதான் அவளுக்குப் போச்சு, ஆனா எனக்கு ரெண்டு பேர் பொறந்தீங்களே, அதையும் எழுது" என்கிறார். வளர்ந்து பெரியவளானதும் நானும் பரிசோதிக்க வேண்டுமாம். எனக்குப் பயமில்லை, கொஞ்சம்தான்.

மரபணு டாக்டரிடம் தள்ளிப்போடாமல் போ, காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. பருப்புப்பொடி அனுப்புகிறோம். விடியற்காலையில் ஜூவில் சிங்கம் கத்தினால் நீ போர்வைக்குள் புகுந்துகொள்வாயே, இப்போதும் கத்துகிறது. அம்மா உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, நீ இங்கே இல்லை என்று நினைவு வந்து திரும்பிப் படுக்கிறார்.

ஆண்டவர் உன் வீட்டை நிறைவாக்கட்டும், உன் கூடவே இருக்கட்டும். கடிதம் கிடைத்ததும் கூப்பிடு, எந்த நேரமானாலும் சரி.

இப்படிக்கு,
உன் அம்மா

கையெழுத்து மட்டும் அம்மா போட்டது. இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். வெளியே இருட்டிவிட்டது, ஆனாலும் என்னைப் பார்க்காமல் போய் ஹால் விளக்கை அணைத்துவிட்டார், அழுகிற முகத்தை நான் பார்க்கக் கூடாதென்றுதான்.