எருமையின் பின்பக்கம்

என் அன்பு மனைவிக்கு,

உன் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் இந்த வாரம் வயிறு குளிர்ந்திருக்கிறது.

நான் வெண்கலத்தில் வார்த்துத் தேய்த்த எருமையைப் பற்றி எழுதினேனே! கண், கொம்பு எதுவும் கிடையாது, வழவழவென்று ஒரே உருண்டை. "கண்ணு வைக்கலையா சார்?" என்று நான் கேட்டதற்கு, "மாடு மேய்க்கிறவனுக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது?" என்று சொல்லி, அதை வடிவமைத்த சிற்பி பட்டறையையே சிரிக்க வைத்தார். நான் மறக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு அவர் தாமதமாக வந்தார். அதற்குள் கண்காட்சிக்காரர்கள், "எது முன்பக்கம்?" என்று என்னைக் கேட்டார்கள். வார்த்தவனுக்குத் தெரியாதா? பின்பக்கத்தை வாசலைப் பார்த்து வைக்கச் சொன்னேன்.

தலைமை விருந்தினர் அதைத் தடவித் தடவி, "முகத்துல என்ன ஒரு சாந்தம்!" என்று உருகினார். சிற்பியின் முகம் கறுத்தது. உண்மையைச் சொன்னால் பெரிய மனிதரின் மானம் போகும். "ஆமாங்க, அந்த முகத்துக்குத்தான் ஆறு மாசம் பாடுபட்டேன்" என்றார், என்னை முறைத்தபடி. முதலில் கை தட்டியவன் நான்தான்.

உன் பழைய பருத்திச் சேலை ஒன்று அனுப்பு. மெருகேற்றத்தான் என்று இங்கே சொல்லிக்கொள்கிறேன். உங்கள் இருவர் போட்டோவும் வேண்டும். கண், மூக்கெல்லாம் தெளிவாகத் தெரியட்டும்.

பட்டறைக்குப் போக வேன் வந்துவிட்டது.

உன்னவன்