சோளத்தைக் கூட்டச் சொன்னது நான்

ஏப்ரல் 7
காலையில் பாலம் கடந்து கமாலுதீன் அண்ணனின் மாட்டுப் பண்ணைக்குப் போனேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்காக நாற்பது மாடுகளைக் கொழுக்க வைக்கிறார். தீவனத்தில் பாதிக்கு மேல் சோளம். சோளம் கூடினால் மாட்டு வயிற்றில் புளிப்பு ஏறும். அதைக் கட்டுப்படுத்த எங்கள் கம்பெனி பூண்டு, கிராம்பு, பட்டை சேர்த்து ஒரு பொடி செய்திருக்கிறது. இருபது மாடுகளுக்குப் பொடி, மற்ற இருபதுக்கு இல்லை. இரண்டு மாதம் பார்த்து எழுதுவது என் வேலை. கொட்டகை முழுக்கக் கறி மசாலா வாசனை. எனக்கே பசித்தது.

ஏப்ரல் 18
பொடி தின்னும் மாடுகள் நன்றாக அசைபோடுகின்றன. சாணமும் கெட்டி. "இதுங்களுக்குச் சோளத்த இன்னும் கூட்டலாமா தங்கச்சி?" என்றார் அண்ணன்.
"பொடிதான் இருக்கே அண்ணே, தாராளமா கூட்டுங்க லா," என்றேன்.

ஏப்ரல் 22
பொடி தின்னும் மாடுகளில் மூன்று படுத்துவிட்டன. அசை இல்லை, ஒரே கழிச்சல். டாக்டர் வருவதற்குள் அதில் செவலை மாடு செத்துப்போய்விட்டது. சோளத்தை ஒரேயடியாக ஏற்றியதுதான் காரணமாம். எந்தப் பொடியும் அதைத் தாங்காது என்றார்.
எனக்குத் தெரியாதா? படிச்சதுதானே. அப்புறம் ஏன் அப்படிச் சொன்னேன்—
அண்ணன் செவலையின் காதைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "நான்தான் அவசரப்பட்டுட்டேன்," என்றார். நான் வாயே திறக்கவில்லை.

ஏப்ரல் 23
ஜுருவில் இருக்கும் எங்கள் கம்பெனி அலுவலகத்தில் மேனேஜர் சிவநேசன் சொன்னார்: "அவரே தப்ப ஒத்துக்கிட்டாரு. அப்படியே ரிப்போர்ட்ல போட்டுடு பிரமிளா. முடிஞ்சது."
எழுதவில்லை. சாப்பிடவும் இல்லை.

ஏப்ரல் 24
போய்ச் சொல்லிவிட்டேன். "கூட்டச் சொன்னது நான் அண்ணே. ரிப்போர்ட்லயும் அப்படித்தான் எழுதிருக்கேன்."
தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்தார். பிறகு, "நீங்க போங்க," என்றார். அவ்வளவுதான்.

மே 2
ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு என்னைப் பண்ணை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி குடோனில் மூட்டைகளின் லேபிள் சரிபார்க்க வேண்டும்.

மே 14
மத்தியானம் ஒரு போன். கமாலுதீன் அண்ணன்! படுத்திருந்த மற்ற இரண்டும் எழுந்து மேய்கின்றனவாம். பிறகு கேட்டார்:
"உங்க இடத்துக்கு வந்த ஆளு சோளத்தக் கூட்டலாங்கிறாரு. நீங்க என்ன சொல்றீங்க?"
"வேணாண்ணே. இன்னும் ரெண்டு வாரம் புல்லே போடுங்க."
"சரி. புல்லே போடுறேன்."