சாட்சிக்குப் போன கற்கண்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் மகள் வாலு மூன்று பேரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். உடம்புக்குத்தான் குறையில்லை, மனசைக் கேட்காதே. போன வாரம் போனில் உன் அம்மா பாதி சொல்வதற்குள்ளேயே நீ விழுந்து விழுந்து சிரித்தாய், பக்கத்தில் மாப்பிள்ளை சிரித்ததும் கேட்டது, அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன். எழுத்தில் யாரும் குறுக்கே சிரிக்க முடியாது பார்.

நம் கட்டிடத்துக் குழாயில் இரண்டு வருஷமாகத் துருவும் சுண்ணாம்பும் கலந்து வருவது உனக்குத் தெரியும். செருப்புத் தேய அந்தக் குடிநீர் அலுவலகத்துக்கு நடந்து ஒன்பது மனு கொடுத்தேன். முப்பது வருஷம் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தவன் நான், எனக்கே அங்கிருக்கும் பொறியாளர் தண்ணி நல்லாத்தானே இருக்கு பெரியவரேன்னு பாடம் எடுக்கிறார். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரச் சொன்னார். ஆறு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, வெளிச்சம் படாமல் காகிதம் சுற்றி, தேதி எழுதி ஒட்டி ஜன்னல் மேடையில் வைத்திருந்தேன். அதே வாரம் உன் அம்மாவுக்குப் பிள்ளைகளை வைத்துக் கற்கண்டு செய்யும் ஆசை வந்தது. வாலுவும் மேல்வீட்டு இரட்டையரும் கூட்டு. உன் அம்மா அடுப்பில் சர்க்கரைப்பாகு காய்ச்சி பாட்டிலில் ஊற்ற, இவர்கள் பென்சிலில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு வாரம் ஆடாமல் அசையாமல் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள். எங்கே? அதே மேடையில். அதோடு விட்டாளா உன் மகள்? தாத்தா எப்படிச் செய்கிறாரோ அப்படித்தான் செய்ய வேண்டுமாம், காகிதம் சுற்றி, வாயை மூடி, தேதி வேறு எழுதி ஒட்டியிருக்கிறாள். உன் அம்மா மேடையைத் துடைக்கும்போது என் பாட்டிலை எல்லாம் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டாள். எனக்கு யார் சொன்னார்கள்? ஒருத்தரும் சொல்லவில்லை!

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முன்வரிசையைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பொறியாளர் மேஜையில் வைத்துக் காகிதத்தைப் பிரித்தால் நூல் முழுக்கக் கட்டைவிரல் பருமனுக்குக் கல் ஏறியிருக்கிறது. ஒரு நொடி எனக்கே திக்கென்றது, பிள்ளைகள் நூலைப் போட்டிருப்பார்கள், சுண்ணாம்பு வந்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். நினைத்திருக்கக் கூடாதுதான், இரண்டு வருஷக் கோபம் கண்ணை மறைத்துவிட்டது. பாருங்க சார், ஒரே வாரத்துல இவ்வளவு கல்லு, இது எங்க வயித்துல என்ன பண்ணும்னு கத்தினேன். அந்த மனிதர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, பெரியவரே, இது இனிக்குதேன்னார். அவ்வளவுதான், அலுவலகமே சிரித்தது. சிரித்தால்கூடப் பொறுத்திருப்பேன், ஆளுக்கொரு துண்டு உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். ஒரு மனிதன் கொண்டுவந்த சாட்சியத்தை அவன் கண்ணெதிரிலேயே தின்கிற அலுவலகத்தை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

வீட்டுக்கு வந்தால் உன் மகள் ஒரே அழுகை. அது உனக்குப் பார்சலில் அனுப்பச் செய்ததாம், அம்மாவுக்குன்னு செஞ்சதை யாருக்கோ குடுத்துட்டீங்களேன்னு கேட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் மானம் போனது போகட்டும், அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியவில்லையம்மா. உன் அம்மாவோ, மிட்டாய்க்கு நல்ல தண்ணி வேணுமேன்னு மேல்வீட்டில் கேன் தண்ணீர் கடன் வாங்கினேன், அதுவும் வீணாப் போச்சு என்று புலம்புகிறாள். கேட்டாயா நியாயத்தை? மிட்டாய்க்குக் கேன் தண்ணீர், எங்களுக்குக் குழாய்த் தண்ணீர்! அதைச் சொல்லி நான் கத்திய கத்தலில்தான் வாலு வாயைத் திறந்தாள். அப்போ குழாய்த் தண்ணிலயே செஞ்சு பாப்போம் தாத்தா என்றாள்.

செய்தோம். இந்தத் தடவை நூல் கட்டியது நான். ஒரு வாரம் கழித்து எடுத்தால் பழுப்பு நிறத்தில், உள்ளே கறுப்புப் பொடியோடு, பார்க்கவே குமட்டுகிறது. பிடிவாதம் பிடித்து அவளும் கூட வந்தாள். பொறியாளர் எங்களைக் கண்டதும், என்ன, மறுபடியும் இனிப்பான்னு சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். சீ, இதையா புள்ளைங்களுக்குத் திங்கக் குடுக்கிறீங்கன்னு என்னைக் கோபித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மகள், இதைத் திங்க மாட்டோம் சார், இதைச் செஞ்ச குழாய்த் தண்ணியைத்தான் தினமும் குடிக்கிறோம் என்றாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்துபோய் அவர் கையாலேயே என் ஒன்பது மனுக்களையும் எடுத்துவந்தார். நேற்று வாசலில் குழி வெட்டிக் குழாய் மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். என் முப்பது வருஷ அனுபவத்துக்கு அசையாத ஆள் ஏழு வயதுப் பிள்ளைக்கு அசைந்தார், எனக்கு அதிலும் எரிச்சல்தான், ஆனால் இந்த எரிச்சல் பரவாயில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், கைவைத்த காரியம் எல்லாம் கூடி, நூறு வயது இருக்க வேண்டும். வெயிலில் தலையில் துணியில்லாமல் அலையாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வாலுவைக் கூப்பிடு, என்னையும் கேள், ஆனால் சிரிக்காதே. கற்கண்டு எப்போது வரும் என்று அவளை அவசரப்படுத்தாதே. புதுக் குழாயில் தண்ணீர் வந்ததும் நம் வீட்டுத் தண்ணீரிலேயே செய்து, முதல் துண்டை அவள் தின்று பார்த்துவிட்டுத்தான் உனக்கு அனுப்புவாளாம்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் முழுசாக ஆறாத
உன் அப்பா