குடை இல்லாமல் போட்ட விலை

வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும். உன் நலம் அறிய ஆவல் உண்மை. நான் நலம் என்பது பொய். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. முந்தாநாள் போனில் நீ கேட்டபோது எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்றேன். உன் குரலைக் கேட்டாலே எனக்குப் பொய் சரளமாக வந்துவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். இது உன் கைக்கு வரும்போது நாளைய சனிக்கிழமை முடிந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும்.

வீட்டில் எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது, தூசியோடு. ஜன்னல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒன்று மட்டும் என்மேல் கோபமாக இருக்கிறது. கீழ்வீட்டுத் தையல்காரர் வீட்டம்மா எப்போது வருவார் என்று தினமும் கேட்கிறார். இதோ வந்துவிடுவாள் என்கிறேன். நாலு மாதமாக அதையே சொல்வதால் இப்போதெல்லாம் அவர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தெருக்கோடி ஆடிட்டர் தன் வீட்டுத் தோட்டத்தில் ஒற்றை அறை கட்டியிருக்கிறார், ஆபீஸுக்காக. வீட்டுச் சத்தத்தில் கணக்கு ஓடவில்லையாம். விளக்கு, மின்விசிறி, ஏசி, கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் வீட்டு மெயின் பெட்டியிலிருந்து அறுபதடிக்கு மண்ணுக்கடியில் கேபிள் போக வேண்டும். ஏற்கெனவே இரண்டு பேர் விலை கொடுத்திருந்தார்கள். அவர்களைவிடக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்றார்.

நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். பத்தடிக்கு ஒருதரம் குடையை மண்ணில் குத்திக் குத்தி நடந்திருப்பாய். குடை இறங்காத இடத்தைக் குறித்துக்கொண்டு வந்த பிறகுதான் விலைத்தாளில் கை வைப்பாய். வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள், நான் வேறு பக்கம் பார்ப்பேன். கடைசியாக, நம் விலை அதிகம் என்று பள்ளிக்கூடத்து ஒயரிங் வேலை கைநழுவியபோது, உன் குடையால்தான் நம் பிழைப்பே ஓட்டையாகிறது என்று கத்தினேன். மறுவாரமே உனக்கு இப்போதிருக்கும் ஊரில் வேலை கிடைத்தது. குடையும் உன்னோடு போனது.

நான் பின்வாசல் படியில் நின்றபடியே பார்த்தேன். பச்சைப் புல். அள்ளினால் வரும் மண் என்று முடிவு கட்டினேன். தோண்ட ஒரு நாள் கூலி போதும் என்று போட்டு, மற்ற இருவரையும்விட நன்றாகக் குறைத்து, பத்தே நிமிடத்தில் விலையைக் கொடுத்துவிட்டேன். குடை இல்லாமலும் எனக்கு விலை போடத் தெரியும் என்று ஒரு வீம்பு. வேறென்ன சொல்ல?

தோண்டத் தொடங்கி நாற்பதடி தூரம் தாண்டியதும் கடப்பாரை ணங்கென்று நின்றது. அடியில் பழைய கார் ஷெட்டின் கான்கிரீட் தரை. ஷெட்டை இடித்தவர்கள் தரையை விட்டுவிட்டு மேலே மண்ணைக் கொட்டியிருக்கிறார்கள். ஒன்பதடி நீளம். உடைக்க மெஷினும் இரண்டு ஆளும் வேண்டும். போட்ட விலையில் அதற்கு இடமில்லை. சார், தப்பாகப் போட்டுவிட்டேன் என்று போய் நிற்க வெட்கம். அந்த ஒன்பதடிக்கும் பிளாஸ்டிக் குழாயைக் கான்கிரீட் மேலேயே வைத்து, ஒரு சாண் மண் போட்டு, புல்லை எடுத்தது போலவே பதித்து மூடிவிட்டேன். காவலுக்கு மேலே செங்கல் அடுக்கவில்லை. விலையைக் குறைக்க, கம்பிக் கவசம் உள்ள கேபிளை விட்டுச் சாதாரணக் கேபிளைத்தான் போட்டிருந்தேன். பில்லில் இரண்டடி ஆழம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.  

செவ்வாய்க்கிழமை ஆடிட்டர் கூப்பிட்டார். ஒரே சந்தோஷம். பார்க்கிறவர்கள் எல்லாம் வேலையைப் புகழ்கிறார்களாம், நாலு இடத்தில் என்னைச் சொல்லியிருக்கிறாராம். பேச்சோடு பேச்சாக, அறைக்கு மறைப்பாகச் சுவரோரம் வேலிச்செடி வைக்கிறோம், சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தோட்டக்காரர் குழி போட வருகிறார் என்றார். சுவரோரம் என்றால் என் கேபிள் போகும் வழி. அந்த மனிதருக்குக் கரண்ட் என்றால் பயமாம். கீழே ஒயர் இருக்குமே என்று மூன்று தடவை கேட்டாராம். ஆடிட்டர் என் பில்லை எடுத்துக் காட்டி, ரெண்டடிக்குக் கீழே இருக்குப்பா, உன் குழி ஓரடிதானே, தைரியமா குத்து என்றாராம். தோட்டக்காரருக்குப் படிக்கத் தெரியாது. என் கையெழுத்தைப் பார்த்துத் தலையாட்டினாராம்.

சரிங்க சார் என்று போனை வைத்துவிட்டேன். 

அந்தத் தோட்டக்காரரை நான் பார்த்திருக்கிறேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் மண்ணில் இறங்குவார். வந்ததும் முதலில் தண்ணீர் விட்டு மண்ணை ஊறவைப்பார். பிறகு கடப்பாரை. ஈர மண், வெறுங்கால், கையில் இரும்பு. ஒன்றரை அடிக்கு ஒரு செடி என்றால் ஒன்பதடிக்கு ஆறு குழி. மூன்று நாளாக இந்த ஆறைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆறில் ஒன்றுகூடக் குழாய்மேல் விழாமல் இருக்குமா?

அன்றைக்கு மட்டும் சுவிட்சை அணைத்து வையுங்கள் என்று சொன்னால் போதும். ஏன் என்று கேட்பாரே. கேட்டால் லைசென்ஸ் போகும், பேர் போகும், இனி யார் கூப்பிடுவார்கள்? நேற்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். விளக்கெல்லாம் நன்றாக எரிகிறதா அம்மா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இந்த லட்சணத்தில் இருக்கிறான் உன் புருஷன்.

இதுவரை எழுதிவிட்டு, நீ படிப்பது போல முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். நாளை ஏதாவது ஆகிவிட்டால், எல்லாம் தெரிந்தும் உட்கார்ந்து கடிதம் எழுதியவன் என்று இந்தத் தாளே சொல்லும். எழுந்து போய்ப் போன் செய்தேன். ஆடிட்டரே எடுத்தார். நான் பில்லில் எழுதியது பொய் சார், ஓரிடத்தில் ஒரு சாண்தான் இருக்கிறது, அறைக்குப் போகும் சுவிட்சை இப்போதே அணையுங்கள், யாரையும் மண்ணில் கை வைக்க விடாதீர்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. அந்த ஆளுக்கு நான்தானே தைரியம் சொன்னேன் என்று மட்டும் கேட்டார்.  லைன் போய்விட்டது.

சுவிட்சை அணைத்தாரா என்று தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கண்ணால் பார்க்காமல் என்னால் உட்கார முடியாது, கிளம்பிவிட்டேன். அந்த ஒன்பதடியையும் என் செலவில் உடைத்து ஒழுங்காகப் போட்டுக் கொடுக்கிறேன் என்று நேரில் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு போலீஸைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவர் இஷ்டம். போகிற வழியில் இதைத் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். திரும்பி வரும்வரை கையில் வைத்திருந்தால் கிழித்தாலும் கிழித்துவிடுவேன்.

சம்பளத்துக்காகத்தான் போகிறேன் என்று நீ சொன்னாய். நானும் நம்புவது போல இருந்துவிட்டேன். அன்றைக்கு உன் குடையைச் சொல்லி நான் கத்தியது தப்பு. அந்தத் தோட்டக்காரருக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள். எனக்காக அப்புறம் பார்க்கலாம்.

இங்கே மழை ஒன்றும் இல்லை. இருந்தாலும் குடையை எடுத்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் கரண்ட்டுக்காரன்